விலக்கு அல்ல, ஒத்திவைப்பு

வியட்நாம் போர்க்கால அமெரிக்காவைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழ் சப்டைட்டிலில் “1964இல் முகமது அலிக்கு விலக்கு அளிக்கப்பட்டது” என்று ஒரு வரி ஓடியது. பத்து நிமிடம் கழித்து, “1966இல் அலி படைக்குத் தகுதியானவராக அறிவிக்கப்பட்டார்” என்று இன்னொன்று. பக்கத்தில் இருந்த மகள் கேட்டாள்: “விலக்கு குடுத்துட்டு மறுபடி எப்படிக் கூப்பிடுவாங்க?”

நியாயமான கேள்விதான். விலக்கு கொடுத்தவரைக் கூப்பிட முடியாது. அலிக்குக் கிடைத்தது விலக்கே இல்லை. கட்டாயப் படைச்சேர்ப்புக்கான எழுத்துத் தேர்வில் தேறாததால் அவரை 1-ஒய் என்ற பிரிவில் வைத்தார்கள். போரோ நாட்டுக்கு நெருக்கடியோ வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். 1966இல் தேர்ச்சி அளவைக் குறைத்ததும் அவர் 1-ஏ ஆகிவிட்டார், அதாவது உடனே அழைக்கத் தக்கவர். பேச்சில் இதையெல்லாம் சேர்த்து டிஃபர்மென்ட், அதாவது கடமையைப் பின்னாளுக்கு ஒத்திவைப்பது, என்பார்கள். அதை ‘விலக்கு’ என்று எழுதுவதை நானும் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனிப் பொறுப்பதற்கில்லை.

வேர் எளிது. டிஃபர் என்பது லத்தீனில் ‘அப்பால் கொண்டுபோ’ என்ற வினையிலிருந்து வந்தது. விலக்கைக் குறிக்கும் எக்ஸெம்ப்ஷன் ‘வெளியே எடு’ என்ற வேறொரு வினையின் பிள்ளை. ஒன்றில் கடமை காலத்தில் நகர்கிறது, மற்றதில் ஆளே கடமைக்கு வெளியே போகிறார். கடன்காரனுக்குத் தவணை கொடுப்பதும் கடனைத் தள்ளுபடி செய்வதும் ஒன்றா?

சட்டமே இந்த வேறுபாட்டைக் காட்டியது. சாதாரணமாக 26 வயதோடு முடிந்துபோகும் படைக்கடமை, டிஃபர்மென்ட் வாங்கியவருக்கு 35 வயது வரை நீண்டது. கடமையை ஒன்பது வருடம் நீட்டும் ஒன்றுக்கு ‘விலக்கு’ என்று பெயர் வைக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! உண்மையான விலக்கு மதகுருமார்களுக்கு இருந்தது. அதற்கு 4-டி என்று தனிப் பிரிவு. உடல்நிலையால் அறவே தேறாதவர் 4-எஃப். அது விலக்கும் இல்லை, ஒத்திவைப்பும் இல்லை, தகுதியின்மை. மூன்றும் மூன்று சொல். மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பூட்டையும் திறக்கப் பார்க்கிறார்.

“ஒத்திவைப்பு வாங்கியவர் கடைசியில் போகவில்லை அல்லவா? அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று ஒரு நண்பர் வாதாடினார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. 26 வயதைத் தாண்டியவரை நடைமுறையில் அழைப்பது அரிது. ஆகவே ஒத்திவைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தெரிந்தவருக்கு, யாரும் விலக்கு தராமலே விலக்கின் பலன் கிடைத்தது. டொனால்ட் டிரம்ப் மாணவராக நான்கு முறை ஒத்திவைப்பு வாங்கினார். படிப்பு முடிந்த 1968இல் குதிகால் எலும்பு முள் என்று 1-ஒய் ஆனார். 1971 டிசம்பரில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டதால் 1972இல் 4-எஃப். ஜோ பைடனுக்கும் ஐந்து மாணவர் ஒத்திவைப்புகள், பிறகு 1968இல் ஆஸ்துமாவால் 1-ஒய். கட்சிதான் வேறு, படிக்கட்டு ஒன்றுதான். ‘விலக்கு பெற்றார்’ என்று எழுதினால் அரசு ஒருமுறை கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்த மாதிரி இருக்கிறது. படிக்கட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தப் படிக்கட்டில் ஏறக் கல்லூரிக் கட்டணம் வேண்டும். நெடுநாள் பார்த்த குடும்ப மருத்துவரின் கடிதமும் எக்ஸ்ரேயும் கையில் இருந்தால் நல்லது. இவை இல்லாதவனுக்குப் படைச் சோதனை மையத்து வரிசையில் நடந்த அவசரப் பரிசோதனைதான் கதி. மேலே யார் முடிவெடுத்தார்கள் என்றால், உள்ளூர் படைச்சேர்ப்பு வாரியங்கள். அவற்றின் உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 1.3 சதவீதம் என்று அதிபர் அமைத்த ஆணையம் 1967இல் எழுதியது. ‘மருத்துவச் சலுகை’ என்று இதை எழுதுகிறவர்களும் உண்டு. நோய்க்கு யாராவது சலுகை என்று பெயர் வைப்பார்களா?

சரி, தமிழில் என்ன சொல்வது? தள்ளிவைப்பு என்று முதலில் எழுதிப் பார்த்தேன். ‘அவரைத் தள்ளிவைத்தார்கள்’ என்றால் ஊர்க்கட்டுப்பாடு போட்டது போல ஆகிவிடுகிறது. தவணை எனக்கு மிகவும் பிடித்த சொல், ‘தவணை கேட்டான், கிடைத்தது’ என்று கதைபோக்கில் தாராளமாக எழுதலாம். ஆனால் ‘மருத்துவத் தவணை’ என்றதும் ஆஸ்பத்திரி பில்லை மாதாமாதம் கட்டுவதாகத்தான் இன்றைய வாசகர் நினைப்பார். மிஞ்சுவது ஒத்திவைப்பு. சபையையும் தீர்ப்பையும் ஒத்திவைத்துப் பழகிய சொல். ‘கொஞ்சம் ஒத்திக்கோ’ என்று பேச்சிலும் நகர்வதற்குத்தான் சொல்கிறோம், லத்தீன் வினைக்கு இதைவிடப் பக்கத்தில் வர முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒத்திவைக்கப்படுவது சேவை, ஆள் அல்ல. ‘மருத்துவக் காரணத்தால் சேவை ஒத்திவைப்பு’ என்றால் குழப்பமே இல்லை. நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

அதே சப்டைட்டிலில் டிராஃப்ட்டை ‘இராணுவ வரைவு’ என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது இழுத்தல். கூட்டத்திலிருந்து ஆட்களை இழுத்தெடுப்பது. கட்டாயப் படைச்சேர்ப்பு என்ற நல்ல சொல் கையில் இருக்க, மசோதாவின் வரைவை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அகப்பாடல் படித்தவருக்கோ வரைவு என்றால் திருமணம். தோழி வரைவு கடாவுவாள், அதாவது மணந்துகொள்ளச் சொல்லி நெருக்குவாள்; தலைவன் காரணம் சொல்லித் தள்ளிப்போடுவான். டிஃபர்மென்ட்டுக்கு இதைவிடப் பழைய உதாரணம் கிடைக்காது, போகட்டும்.

இரண்டாம் பாகத்தை இன்னும் பார்க்கவில்லை. அதில், பிறந்த தேதிப்படி யாரை முதலில் படைக்கு அழைப்பது என்று முடிவுசெய்த 1969 டிசம்பர் 1 குலுக்கல் வந்தாக வேண்டும். வருடத்தின் தேதிகளை 366 நீலக் குப்பிகளில் போட்டு, கண்ணாடி ஜாடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்த நாளில் பிறந்த இளைஞர்களுக்கு ‘முதல் பரிசு’ என்று சப்டைட்டிலில் போட்டிருப்பார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.