காட்டிக்கொடுப்பதும் காற்று, கெடுப்பதும் காற்று

கொடைக்கானல் ஏரியில் எவ்வளவு சேறு படிந்திருக்கிறது என்று பார்க்க, என் அக்கா மகன் ஒரு ஃபிஷ் ஃபைண்டர் (தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) வாங்கி வந்தான். கல்லூரி புராஜெக்ட். துடுப்புப் படகில் ஒரு மணி நேரம் சுற்றினோம். திரையில் ஏரியின் தரையைக் காட்டும் கோடுகூட விழவில்லை. "மாமா, டூப்ளிகேட் மிஷினக் குடுத்து ஏமாத்திட்டாங்க போல" என்றான். மிஷின் நல்ல மிஷின்தான். ஒலியை அனுப்பி வாங்கும் அதன் டிரான்ஸ்டியூசரை அவன் வைத்த இடம்தான் சரியில்லை.

டிரான்ஸ்டியூசர் கைக்குள் அடங்குகிற பொருள். உள்ளே ஒரு பீங்கான் வில்லை இருக்கும். மின்சாரம் கொடுத்தால் வில்லை அதிர்ந்து தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும்; திரும்பி வரும் எதிரொலி மோதினால் மின்சாரம் தரும். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் இந்தக் குணத்தைப் படிகங்களில் 1880இல் கண்டுபிடித்தவர்கள் ழாக் கியூரியும் பியர் கியூரியும். (மேரி கியூரியை எல்லோருக்கும் தெரியும், பாவம், மச்சினர் ழாக்கை யாருக்கும் தெரியாது.)

15 டிகிரி நன்னீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,466 மீட்டர் போகும். 3 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 4 மில்லி விநாடி. கருவி அந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றுகிறது. கடலை மனதில் வைத்து 1,500 என்று கணக்கிடும் கருவியாக இருந்தால், மலையின் குளிர்ந்த தண்ணீரில் 10 மீட்டருக்கு 23 செ.மீ. கூடுதலாகக் காட்டும். சேற்றை அளக்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

மீன் எப்படித் தெரிகிறது? மீனின் சதை ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான், ஒலி பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியைத் திருப்பி அடிக்கிறது. தண்ணீரிலிருந்து காற்றில் நுழைய முயலும் ஒலியில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். ஆக, ஃபிஷ் ஃபைண்டர் தேடுவது மீனை அல்ல, அதற்குள் இருக்கும் காற்றை. ஏரிக் கெண்டைக்குக் காற்றுப்பை பெரிது என்பதால் பளிச்சென்று தெரியும்.

இதே காரணம்தான் எங்களைக் கவிழ்த்தது. இவன் டிரான்ஸ்டியூசரைப் படகின் உள்தளத்தில் கிரீஸ் தடவி அமுக்கி வைத்திருந்தான். கெட்டியான ஃபைபர் தளமாக இருந்தால் இது நடக்கக்கூடிய காரியம்தான். ஒலி அதைத் துளைத்துப் போகும். ஆனால் கிரீஸுக்குள் காற்றுக் குமிழி மாட்டியிருந்தது. போதாததற்கு, அந்தப் படகுக்கு இரட்டைத் தளம், நடுவே மிதவைக்காக ஃபோம். ஃபோம் என்றாலே காற்றுதானே! பாலிதீன் பையில் தண்ணீர் நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் போட்டு, பையைத் தளத்தில் வைத்து முதலில் சோதித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒரு ரீப்பர் கட்டையின் நுனியில் டிரான்ஸ்டியூசரைத் திருகி, சி-கிளாம்ப் போட்டுப் படகின் பக்கவாட்டில் தொங்கவிட்டோம். டிரான்ஸ்டியூசரின் முகம் தண்ணீருக்குள் ஒரு சாண் இறங்கி, நேர் கீழே பார்க்க வேண்டும். புதுசு என்றால் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதில் நுண்குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் துடைத்தோம். பைக்காராவில் ஓடுவது மாதிரி மோட்டார் படகு என்றால் பின்பலகையில், படகின் அடிமட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே, விசிறியிலிருந்து ஒன்றேகால் அடியாவது தள்ளிப் பொருத்துவார்கள். விசிறி கிளப்பும் நுரையும் காற்றுதான். மிச்சமுள்ள ஒயரை வெட்டக் கூடாது, சுருட்டி வைக்கலாம்.

எதை வாங்குவது? 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலி விரிந்து போகும் கற்றை பெரும்பாலும் 20 டிகிரி அகலம். 3 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் வட்டத்தைத்தான் பார்க்கும். 83 கிலோஹெர்ட்ஸ் என்றால் 60 டிகிரி வரை விரியும், அதே ஆழத்தில் மூன்றரை மீட்டர். மீனுக்கு அகலம் நல்லது. ஆனால் எமரால்டு, அவலாஞ்சி மாதிரி கரை சரிந்து இறங்கும் அணைகளில் அகலக் கற்றை நேர் கீழே உள்ள பள்ளத்தை விட்டுவிட்டு, பக்கத்துச் சரிவைத் தரை என்று காட்டிவிடும். சேற்றுக்கு இரண்டு அலைவரிசையும் உள்ளதையே எடுப்பேன்: 200 இளஞ்சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், தாழ்ந்த அலைவரிசை கொஞ்சம் உள்ளே இறங்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ளது ஏறக்குறைய சேறு.

இரண்டாம் சுற்றில் கோடு விழுந்தது. ஆனால் நண்பகலில் கரையோரம் தரை திடீரென்று இரண்டடி உயர்ந்தது. பயல் குதித்தான். எட்டிப் பார்த்தால் பாசிப்பூண்டு. வெயிலில் உணவு தயாரிக்கும்போது இலைகளில் ஆக்சிஜன் குமிழி குமிழியாக ஒட்டியிருக்கும். ஒலிக்கு அது கல்தரை மாதிரிதான். மறுநாள் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், அதே இடத்துக்குப் படகை விடச் சொன்னோம்.