வெள்ளைப் பொடி நான்கு வகை: பூர்வகுடி அணிகளைத் தொடுவதற்கு முன்

அருங்காட்சியகப் பதிவேட்டில் ஒரே வரிதான் இருக்கும்: "மணிவேலை செய்த தோல் காலணி, 1 ஜோடி." அதையே மேசையில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பத்து நிமிடம் பார்த்தால் அந்த ஒரு வரி போதாது என்பது தெரிந்துவிடும். வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகளின் 19ஆம் நூற்றாண்டுக் காலணி ஒன்றில் விலங்கின் மூளைக் கூழால் பதனிட்ட மான்தோல், தசைநாரைக் கிழித்துத் திரித்த நூல், ஐரோப்பாவின் வெனிஸிலிருந்தோ பொஹீமியாவிலிருந்தோ வணிகர் வழியே வந்த பாசிமணி, சாயமேற்றித் தட்டையாக்கிய முள்ளம்பன்றி முள், பித்தளை மணி, தகரக் கூம்பு, கம்பளித் துணிக் கரை என ஏழு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கலாம். தனித்தனியே வைத்தால் இவற்றில் பலவும் நீண்ட காலம் தாங்கும். சேர்ந்திருப்பதுதான் சிக்கல். தோலின் கொழுப்பு பித்தளையை அரிக்கிறது. கண்ணாடியிலிருந்து கசியும் காரம் நூலைத் தின்கிறது. பலகை அலமாரி விடும் அமில ஆவி சிப்பியைப் பொடியாக்குகிறது. ஆகவே எந்த அணி கையில் வந்தாலும் முதல் வேலை அதில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எழுதுவது. அடுத்தது, எது எதைத் தொடுகிறது என்று குறிப்பது.

இந்தப் பட்டியல் எழுதும்போதே பெரும்பாலும் கண்ணில் படுவது வெள்ளைப் பொடி. மடிப்பில் கொஞ்சம், மணி வரிசைக்கு நடுவே கொஞ்சம். "தூசுதான்" என்று தூரிகையை எடுப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகச் சாதாரணமான, மிக ஆபத்தான தவறு. அந்தப் பொடி நான்கில் ஒன்றாக இருக்கலாம்: பழைய பூச்சிமருந்து, தோலிலிருந்து மேலெழுந்த கொழுப்பு, கண்ணாடி உப்பு, சிப்பி உப்பு. எது என்று தெரியும்வரை அது நஞ்சு என்றே கொள்ள வேண்டும்.

காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் தோல், இறகு, கம்பளி எதுவானாலும் அருங்காட்சியகங்கள் பூச்சிமருந்து போட்டுத்தான் வைத்தன. ஆர்செனிக் எனும் பாஷாணம், நம் மருந்துநூல்கள் வீரம் என்று சொல்லும் பாதரசக் குளோரைடு, பின்னாளில் நாப்தலீன், டிடிடி. ஆர்செனிக்கும் பாதரச உப்பும் தாமாகச் சிதைந்து மறைவதில்லை. போட்டவர்களும் பெரும்பாலும் குறித்து வைக்கவில்லை. எனவே நைட்ரைல் கையுறை, நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம், கழுவக்கூடிய மேலங்கி, விரித்துச் சுருட்டி எறியக்கூடிய மேசைத்தாள் ஆகியவை இல்லாமல் பழைய பெட்டியைத் திறக்கக் கூடாது. பருத்திக் கையுறை வேண்டாம். பொடி அதில் ஊடுருவும், அதன் நூல் முள்வேலையில் மாட்டி முள்ளை ஒடிக்கும். முகர்ந்து பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும்.

சோதனைக்குக் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி உதவும். பொருளிலிருந்து துணுக்கு எடுக்காமலே ஆர்செனிக், பாதரசம், ஈயம் இருப்பதைக் காட்டிவிடும். ஆனால் எங்கே வைத்து அளக்கிறோம் என்பதில் கவனம் தேவை. ஒளிபுகா வெள்ளைப் பாசிமணிகள் சிலவற்றில் ஆர்செனிக்கும் ஈயமும் கண்ணாடியோடு சேர்த்தே உருக்கப்பட்டவை. சிவப்புப் பூச்சில் இருப்பது சாதிலிங்கம் என்றால் அது பாதரசக் கூட்டுப்பொருள். மணிமேல் அளந்துவிட்டு "பூச்சிமருந்து இருக்கிறது" என்று எழுதினால் அது பொய்யான எச்சரிக்கை. மணியும் வண்ணமும் இல்லாத வெற்றுத் தோலில், தையலின் உட்புறத்தில், இறகின் அடியில் அளந்து ஒப்பிட வேண்டும். நாப்தலீன், டிடிடி போன்ற கரிமச் சேர்மங்களை நம்பகமாக அடையாளம் காட்ட இந்தக் கருவியால் ஆகாது. அதற்கு ஆய்வகத்தில், சேர்மங்களை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டும் வளிம நிறப்பிரிகை வேண்டும்.

சோதனையில் நஞ்சு தென்படவில்லை என்று தெளிவான பிறகே மற்ற மூன்றையும் பிரித்தறியும் வேலை. தோல்மேல் மட்டும், நிறபேதமின்றிப் படலமாக இருந்தால் கொழுப்பாக இருக்கலாம். பஞ்சில் சிறிது ஒற்றி எடுத்து மிதமான சூடு காட்டினால் உருகி மறையும். (இதை நஞ்சுச் சோதனைக்கு முன் செய்யக் கூடாது. பாதரசம் இருந்தால் சூடு அதை ஆவியாக்கும்.) சிப்பிமேல் மட்டும், லேசான புளித்த வாடையோடு அரும்பியிருந்தால் அது அமில ஆவி சிப்பியின் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டான உப்பு. ஒரு காலத்தில் இதை நுண்ணுயிரின் வேலை என்று நினைத்தார்கள், அப்படி எழுதிய பைன் (Byne) என்பவரின் பெயரால் "பைன் நோய்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் குற்றவாளி ஓக் பலகை, ஒட்டுப்பலகை, மட்டமான அட்டை. இங்கே மருந்து துடைப்பது அல்ல, அலமாரியை மாற்றுவது. குவாஹாக் என்ற கடற்சிப்பியின் ஊதாவையும் சங்கின் வெண்மையையும் மணியாக்கிக் கோத்த வாம்பம் பட்டைகளுக்கு இது நேரடி ஆபத்து.

குறிப்பிட்ட நிற மணிகளில் மட்டும் உப்புப் பூத்திருந்தால் அது கண்ணாடி நோய். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மணிவேலைச் சேகரிப்புகளில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான்.

கண்ணாடியை எளிதாக உருக்கச் சோடியமோ பொட்டாசியமோ அதிகம் சேர்த்து, சுண்ணாம்பைக் குறைத்துவிட்டால் அந்தக் கண்ணாடி பிறவியிலேயே பலவீனமானது. காற்றின் ஈரம் காரத்தை வெளியே இழுக்கும். மணி முதலில் வழுவழுப்பாகும், சோப்புத் தொட்டதுபோல. பிறகு உப்புப் படியும், மயிரிழை விரிசல் ஓடும், கடைசியில் மணி நொறுங்கும். ஒரே தோல்பட்டையில் வெள்ளை மணி பளபளவென்று இருக்க, பக்கத்து வரிசை நீலமும் சிவப்பும் அழுகிக்கொண்டிருப்பதன் காரணம் ஒவ்வொரு நிறத்துக்கும் உருக்கின் கலவை வேறு என்பதே. நீலம், சிவப்பு, கறுப்பு மணிகளை முதலில் பார்ப்பது நல்லது. அமில-கார அளவைக் (pH) காட்டும் தாளில் ஒரு சொட்டு அயனிநீக்கிய நீர் விட்டு மணியில் ஒற்றினால் போதும். 8க்கு மேல் காட்டினால் சந்தேகம், 9, 10 என்றால் உறுதி. மணி உடைவதற்கு வெகுமுன்பே அந்தக் காரம் உள்ளே ஓடும் நூலை அறுத்துவிடும். மணிகள் உதிரத் தொடங்கினால் நூலை மட்டும் குறை சொல்லக் கூடாது.

துடைப்பதற்கு எத்தனாலும் அயனிநீக்கிய நீரும் சரிபாதி கலந்து, பல்குத்தி முனையில் சுற்றிய பஞ்சில் நனைத்து, பிழிந்து, ஒவ்வொரு மணியாக. ஈரம் தோலுக்கு இறங்கக் கூடாது. மூளைக்கூழ்ப் பதனீட்டுத் தோலைப் புகையூட்டாமல் விட்டிருந்தால், நனைந்து காய்ந்ததும் பலகைபோல் விறைத்துவிடும். துடைத்தாலும் நோய் போகாது, சில ஆண்டுகளில் திரும்ப வரும். அதை மெதுவாக்குவது ஈரப்பதக் கட்டுப்பாடு மட்டுமே. கண்ணாடிக்கு 40 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் உகந்தது. தோலும் முள்ளும் அதற்குக் கீழே போனால் வறளும். இரண்டும் ஒன்றாக இருக்கும் பொருளுக்கு 40 முதல் 45 என்ற இடைவெளியில் அசையாமல் வைப்பதுதான் நடைமுறைச் சமரசம். எண்ணைவிட "அசையாமல்" என்ற சொல் முக்கியம். பகலில் 35, இரவில் 55 என்று ஊசலாடும் அறையில் சராசரி 45 வருவதால் ஒரு பயனும் இல்லை.

உலோகத்தில் பார்க்க வேண்டியது களிம்பு. பித்தளை மணி, செம்பு, செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த ஜெர்மன் வெள்ளி ஆகியவை தோலைத் தொடும் இடத்தில் பச்சை மெழுகுபோல் திரளும். தோலின் கொழுப்பமிலமும் செம்பும் சேர்ந்ததன் விளைவு அது. மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். முடிந்த இடத்தில் தோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மெல்லிய பாலியெஸ்டர் படலத்தைச் செருகினால் மறுபடி வருவது தாமதமாகும். தோலுக்கு "ஊட்டம்" என்று எண்ணெய் தடவும் பழைய பழக்கம் இந்தக் களிம்புக்குத்தான் ஊட்டம்.

அமெரிக்கத் தென்மேற்கின் நவஹோ மக்கள் செய்த வெள்ளி வேலையைப் பளபளக்கத் தேய்ப்பதும் வேண்டாம். அச்சுக்குழிகளில் உள்ள கறுப்புதான் வடிவத்தை எடுத்துக்காட்டுகிறது. மெருகுப்பசை குழியில் வெள்ளையாகத் தங்கிவிடும், அருகிலுள்ள நீலப்பச்சைக் கல்லும் நுண்துளைகள் வழியே அதைக் குடித்து நிறம் மாறும்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நியூ மெக்சிகோவின் கேவா புவெப்லோ என்ற பூர்வகுடி ஊரில் செய்யப்பட்ட இடிப்பறவைக் கழுத்தணிகள் தனி வகை. கல்லும் சங்கும் கிடைக்காதபோது கார் பேட்டரிப் பெட்டியின் கெட்டி ரப்பர், இசைத்தட்டு, பிளாஸ்டிக் சீப்பு ஆகியவற்றை வெட்டி நீலப்பச்சைக் கல்லோடு பதித்தார்கள். "மலிவுச் சரக்கு" என்று பல காலம் ஒதுக்கப்பட்டவை இன்று முக்கியமான சேகரிப்புகளில் இருக்கின்றன. காப்பதில் அவை தலைவலி: கெட்டி ரப்பர் விடும் கந்தகம் பக்கத்து வெள்ளியைக் கறுக்க வைக்கும், சீப்பு செல்லுலாய்டாக இருந்தால் அது விடும் அமில ஆவி எல்லாவற்றையும் அரிக்கும். இவற்றைத் தனிப் பெட்டியில், காற்றோட்டத்தோடு வைக்க வேண்டும். பூட்டிய கண்ணாடிப் பேழையில் வெள்ளி வளையல்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தால் சீக்கிரமே விளைவு தெரியும்.

இறகுக்கும் சாயமேற்றிய முள்ளுக்கும் ஒளிதான் முதல் எதிரி. காட்சி வெளிச்சத்துக்கு 50 லக்ஸ் (ஒளியளவின் அலகு) என்ற வரம்பை எல்லோரும் அறிவார்கள், கணக்கை மறந்துவிடுகிறார்கள். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ்-மணிநேரம். மென்மையான சாயத்துக்கு அது அதிகம். வெளுத்த சாயம் திரும்பாது, ஆகவே வரம்பைக் காட்டிலும் காட்சி நாட்களைக் குறைப்பதே உருப்படியான வழி. முள்வேலையின் பின்பக்கத்தைப் பார்த்தால் முன்பு இருந்த நிறம் தெரியும். பதிவேட்டில் நிறத்தை அங்கே பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒடிந்த இறகுக்கு மாற்று இல்லை. ஹவாய் மன்னர் கலனியோப்பு 1779 ஜனவரியில் கேப்டன் குக்கிற்குப் போர்த்திய இறகு மேலாடை, நியூசிலாந்தின் டெ பாப்பா அருங்காட்சியகத்திலிருந்து 2016இல் ஹொனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அதுபோன்ற ஆடைகளின் மஞ்சள் இறகுக்கு மூலமான ஹவாய் ஓஓ பறவையினமே இன்று இல்லை. கழுகு இறகுக்கோ சட்டமே தடை: அமெரிக்காவில் 1918இன் வலசைப் பறவைச் சட்டமும் 1940இன் கழுகுப் பாதுகாப்புச் சட்டமும் அதை வாங்கவும் விற்கவும் விடாது. பழுதுபார்க்க வேறு இறகு "எங்கேயாவது கிடைக்கும்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்துப்பூச்சிக்கும் கம்பள வண்டுக்கும் இன்று நஞ்சு தேவையில்லை, குளிர் போதும். பாலித்தீன் பையில் இட்டுக் காற்றை வெளியேற்றி ஒட்டி, −20 பாகையில் இரண்டு வாரம். எடுத்த பின் அறை வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது 24 மணி நேரம், பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் பொருள்மேலேயே படியும். கண்ணாடி நோய் கண்ட மணிகளையும் உதிரும் வண்ணப்பூச்சையும் உறையவைக்க வேண்டாம். அவற்றுக்கு ஆக்சிஜனை 0.3 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிய உறையில் மூன்று வாரம்.

இனி, பெட்டி. இறகு, தோல், கம்பளி ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பு சேர்க்காத அமிலமற்ற தாள். அடியில் பாலித்தீன் நுரை. பாலியூரித்தேன் நுரை சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். பதிவெண்ணை நேரடியாகத் தோலில் எழுதாமல், பருத்தி நாடாவில் எழுதித் தளர்வாகக் கட்டலாம்.

இவையெல்லாம் வேதியியல். பெட்டியை மூடுவதா என்பது வேதியியல் மட்டும் அல்ல. சில பூர்வகுடிச் சமூகங்களுக்கு இந்த அணிகள் உயிருள்ளவை. காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் அடைப்பது மூச்சை அடைப்பது. துளையிட்ட மூடி, நெய்த துணி உறை என்று வழி தேடலாம், பாதுகாப்பும் கெடாது. புகையூட்டும் சடங்கு கேட்டால், சேமிப்பு அறைக்கு வெளியே தனி அறை ஒதுக்கி, அந்தப் பகுதியின் தீயுணர் கருவியை முறைப்படி தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். காணிக்கையாக வைக்கும் புகையிலையையும் சோளமாவையும் வண்டு தேடி வரும். அவர்கள் சம்மதித்தால் முன்கூட்டியே உறையவைத்து, நெருக்கமாக நெய்த துணிப்பையில் கட்டி வைத்தால் இருதரப்புக்கும் நிறைவு. கேட்காமல் எடுத்து எறிவது மட்டும் கூடாது.

அமெரிக்காவில் இது மரியாதைக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. 1990ஆம் ஆண்டின் பூர்வகுடிக் கல்லறைகள் பாதுகாப்பு, திருப்பியளிப்புச் சட்டத்தின் புதிய விதிகள் 2024 ஜனவரி 12 முதல் நடைமுறையில் உள்ளன. மனித எச்சங்கள், ஈமப் பொருள்கள், புனிதப் பொருள்கள், சமூகத்தின் பொதுச் சொத்தான பண்பாட்டுப் பொருள்கள் ஆகியவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆராயவோ உரியவர்களின் முன்கூட்டிய சம்மதம் வேண்டும். அந்த மாதமே நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இரண்டு கூடங்களை மூடியது. எல்லா அணியும் இதற்குள் வராது. விற்பதற்கென்றே செய்த கைப்பட்டை வராமல் போகலாம், சவக்குழியிலிருந்து வந்த அதேபோன்ற பட்டை வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வது பொருளின் தோற்றம் அல்ல, அது எப்படி, யாரிடமிருந்து வந்தது என்ற பதிவு. "பழைய சேகரிப்பு, விவரம் இல்லை" என்ற குறிப்புக்குப் பின்னால் உள்ள கடிதங்களையும் ரசீதுகளையும் தேடுவது அதனால்தான் காப்பு வேலையின் பகுதி.

திருப்பிக் கொடுக்கும் நாள் வரும்போது முதலில் பேசிய வெள்ளைப் பொடி மறுபடி முன்னே வரும். அருங்காட்சியகத்தில் கையுறையோடு தொடும் பொருளைத் திரும்பப் பெறும் சமூகத்தார் அணிவார்கள், வியர்க்க வியர்க்க ஆடுவார்கள், குழந்தைக்குப் போட்டு அழகு பார்ப்பார்கள். திரும்பிச் சென்ற சடங்குப் பொருள்களில் ஆர்செனிக் இருந்தது 1990களில் அரிசோனாவின் ஹோப்பி மக்களுக்குத் தெரியவந்தபோதுதான் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. தெரிந்த பூச்சிமருந்து விவரத்தைப் பெறுபவருக்குச் சொல்ல வேண்டியது சட்டக் கடமை. பெட்டிக்குள் ஒரு தாள் போக வேண்டும்: பொருளின் புகைப்படம், அளந்த புள்ளிகள் அதில் வட்டமிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் கிடைத்த அளவு, எந்தக் கருவி, எந்தத் தேதி, எந்த நஞ்சுகளை அந்தக் கருவியால் பார்க்கவே முடியாது என்ற வரி. "நஞ்சு இல்லை" என்று எழுதக் கூடாது. "இந்த இடங்களில் ஆர்செனிக்கும் பாதரசமும் தென்படவில்லை" என்று எழுதலாம்.