ஒன்பதாம் எண் கூண்டு எட்டைவிடப் பெரிதல்ல

"எட்டாம் நம்பர் கூண்டுதானே ஏத்திருக்காங்க? பத்து ஏத்தட்டும், பார்த்துக்கலாம்." நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ஒவ்வொரு புயலுக்கும் இதே பேச்சு. இப்படிச் சொல்லி ஷீட் வீட்டிலேயே படுத்துவிட்டவர்களை எழுப்பி முகாமுக்கு அழைத்துப்போவதற்குள் காற்று பிடித்துவிடுகிறது.

புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் காற்றுக்குப் போட்ட மார்க் அல்ல. அது துறைமுகத்துக்கும் கப்பலுக்குமான குறி. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பேரபாயம். இந்த மூன்றுக்குள் ஏறுவரிசையே கிடையாது. துறைமுகம் புயல் நகரும் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 8, வலப்பக்கம் இருந்தால் 9, புயல் துறைமுகத்தின் மேலேயோ வெகு அருகிலோ கடந்தால் 10. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடக்கை தெற்கு, வலக்கை வடக்கு. ஆகவே நாகையில் 8 ஏறினால் புயல் நாகைக்கு வடக்கே கடக்கப்போகிறது. 9 ஏறினால் தெற்கே. மையத்துக்கு வடக்கே இருக்கும் கரையில்தான் காற்று கடலை ஊருக்குள் தள்ளும். நாகையின் எட்டைப் பார்த்து, அதற்கு வடக்கே உள்ள தரங்கம்பாடிக்காரரும் பூம்புகார்க்காரரும் நிம்மதியடைந்தால், கடல் அவர்கள் வாசலுக்கே வரலாம். எட்டு ஏறினாலே பேரபாயம்தான். அதற்குமேல் எதற்கும் காத்திருக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் உள்ள வேகம். மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தீவிரப் புயல், 118 மிகத் தீவிரப் புயல். வேகம் இரட்டித்தால் காற்று தள்ளும் அழுத்தம் நான்கு மடங்கு. கரை கடக்கும் இடத்தை ஒரு புள்ளியாக நினைப்பதும் தவறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே. தென்னை சாய்ந்தது பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை.

கூரை ஓரத்தில் ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஜே போல்ட்டை இன்றே ஆட்டிப் பாருங்கள். வாஷர் தேய்ந்து ஓட்டை அகன்றிருந்தால் மாற்றுங்கள். காற்று முதலில் தூக்குவது ஓரத்தையும் மூலையையும்தான். 120 கி.மீ. காற்றில் அங்கே ஒரு சதுர மீட்டர் ஷீட்டை இழுக்கும் விசை 60 கிலோவைத் தாண்டும். ஷீட்மேல் வைக்கும் ஒற்றை மணல் மூட்டை அதற்கு எம்மாத்திரம்? தென்னையில் முற்றிய குலையையும் காய்ந்த மட்டையையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். சம்பா வயலில் வடிகால் வாயைத் திறந்து வையுங்கள்.

தயவுசெய்து இதை வீட்டிலும் சொல்லிவையுங்கள். காற்று திசை மாறிக்கொண்டே சில மணி நேரத்தில் தணிந்தால் புயல் விலகுகிறது. பேய்க்காற்று சட்டென நின்றால் அது புயலின் கண், அதாவது காற்றில்லாத நடுப்பகுதி. வடக்கேயிருந்து அடித்தது சற்று நேரத்தில் தெற்கேயிருந்து அடிக்கும். ஏற்கெனவே வேர் ஆடிப்போன மரம் அப்போதுதான் விழும். அந்த அமைதியில் மாட்டை அவிழ்க்கவோ, மோட்டாரைப் பார்க்கவோ வெளியே வராதீர்கள்.