புது வண்டி ஏன் காலைச் சுடுகிறது?

பங்குனி உத்திரத்தன்று குன்றக்குடி மலையடிவாரத்தில், காவடிக் கூட்டத்துக்குள் ஒரு புது பைக்கை ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் வலது கெண்டைக்காலில் சூடு ஏறிவிடும். பக்கத்திலேயே ஒரு பழைய புல்லட் அலட்டிக்கொள்ளாமல் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "பி.எஸ்.6 வண்டி அப்படித்தாண்ணே இருக்கும்" என்பார்கள். பி.எஸ்.6 என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த வரம்பு. அவர்கள் சொல்வது சரிதான், ஆனால் அது பாதி விளக்கம்தான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் இந்தக் கணக்கை யாரும் கறாராகப் பார்க்கவில்லை. கார்புரேட்டர் ஓரத்தில் ஸ்பிரிங் மாட்டிய ஒரு சின்னப் பித்தளை ஸ்குரூ இருக்கும். மெக்கானிக் அதை அரைச் சுற்று திருப்பிவிட்டு ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றி அதன் பீங்கான் முனையைப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், காபிப்பொடி நிறம் என்றால் திருப்தி. சந்தேகம் வந்தால் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே விடுவார்.

எஞ்சினைக் குளிரவைத்ததில் அந்தத் தாராளத்துக்கும் பங்கு உண்டு. பெட்ரோல் கூடினால் ஆக்சிஜன் போதாது. ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகப் பாதி எரிந்த நிலையிலேயே வெளியேறும். பாதி எரிந்தால் சூடும் குறைவு. மிச்சப் பெட்ரோல் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதாவது, நாம் காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோலில் ஒரு பங்கு எஞ்சினை ஆற்றவே செலவானது. புகையை ஊர் சுவாசித்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தது. பைக் ஒரு கிலோமீட்டர் ஓடினால் கார்பன் மோனாக்சைடு 1 கிராமுக்கும், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராமுக்கும் மேல் போகக்கூடாது. இதற்காகப் புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கிறது. தேன்கூடு மாதிரித் துளைகள், அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேரச் சுத்தம் செய்யும். ஆனால் கலவை 14.7-ஐ ஒட்டியே இருந்தால்தான் அதனால் முடியும். குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்லச் சொல்ல, இ.சி.யூ. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. எரிவது ஏறக்குறைய உச்ச வெப்பத்தைத் தரும் அளவும் கிட்டத்தட்ட அதுதான். திருப்பிவிட ஸ்குரூவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது பல வண்டிகளில் இ.சி.யூ.வே பெட்ரோலைக் கூட்டிவிடும். கெடுபிடியெல்லாம் மெதுவாக ஓட்டுகிறவருக்குத்தான்.

கன்வர்ட்டர் வேலை செய்யவே 250, 300 டிகிரி வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். மிச்ச வாயுக்களை எரிக்கும்போது அதுவும் சூடு கிளப்பும். பெரும்பாலான வண்டிகளில் அது நம் வலது காலருகேதான் வருகிறது.

"காரைக்குடி வெயில்தான் காரணம்" என்பது முழுசாகச் சரியில்லை. எஞ்சினைச் சுற்றி, சூட்டைக் காற்றில் விடுவதற்காக இருக்கும் தகடுகள் 150 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே 25 டிகிரி என்றால் வித்தியாசம் 125; 40 டிகிரி என்றால் 110. சூடு வெளியேறுவது எட்டில் ஒரு பங்குதான் குறையும். நின்றுவிட்டாலோ தகடுகளுக்கிடையே காற்றோட்டமே இல்லை. கானாடுகாத்தான் சாலையில் நாற்பது, ஐம்பதில் போகும்போது தெரியாத சூடு, ரயில்வே கேட்டில் நிற்கையில் தெரிவது இதனால்தான்.

ஆகவே கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். மழைக்குப் பிறகு செம்மண் தடத்தில் ஓட்டினால், தகடுகளுக்கிடையே சேறு அப்பிக் காய்ந்து காற்றை மறித்துக்கொள்ளும். எஞ்சின் ஆறிய பிறகு கழுவுங்கள்; கொதிக்கும்போது தண்ணீர் அடித்தால் உலோகம் விரிசல் விடலாம். எஞ்சின் ஆயில், வண்டிக் கம்பெனி சொன்ன தரத்தில், சரியான மட்டத்தில் இருக்கட்டும். காற்றாலேயே குளிரும் ஏர்-கூல்டு எஞ்சினில் பிஸ்டன் அடிப்பாகத்துச் சூட்டை எடுப்பது அதுதான். "கன்வர்ட்டரைக் கழற்றிடலாண்ணே" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். கழற்றிய பிறகும் இ.சி.யூ. அதே 14.7-க்குத்தான் பெட்ரோலை அளக்கும். காலுக்குக் கொஞ்சம் சூடு குறையலாம், சிலிண்டருக்குள் எரிவது மாறாது.