லெக்கி: கால் நீண்டதைச் சொல்லும் சொல்

ஆங்கிலத்தில் லெக்கி (leggy) என்றால் கால் நீண்ட என்று பொருள். லெக் என்ற பெயர்ச்சொல்லோடு ஈ என்ற விகுதி சேர்ந்து உருவான பெயரடை இது; 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. லெக் என்பதே ஆங்கிலத்துக்கு இரவல்தான். ஸ்காண்டிநேவியர்கள் முன்பு பேசிய பழைய நார்ஸ் மொழியின் லெக்ர் என்ற சொல்லிலிருந்து வந்து, அதுவரை காலைக் குறித்த ஷாங்க் என்பதை ஓரங்கட்டிவிட்டது.

கால்கள் எத்தனை என்பது இங்கே கணக்கில்லை. பூரானை யாரும் லெக்கி என்பதில்லை. உடம்பைப் பார்க்கக் கால் மிஞ்சி நீண்டிருக்க வேண்டும். பிறந்த குதிரைக்குட்டிதான் சரியான உதாரணம்: உடம்பு சின்னது, கால்களோ கிட்டத்தட்ட வளர்ந்த குதிரையின் நீளத்துக்கு இருக்கும். எழுந்து நிற்பதற்குள் நாலும் நாலு பக்கம் போகும்.

பெண்களைப் பற்றி எழுதும்போதும் இச்சொல் அடிக்கடி வரும். பெரும்பாலும் அழகைப் புகழும் தொனி. ஆளை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்க்கும் பார்வையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். செய்தியில், அலுவல் எழுத்தில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நெடுங்கால் என்பது அருமையான சொல். செங்கால் நாரை, பவளக்கால் உள்ளான் என்று பறவைகளுக்குக் காலை வைத்தே பெயரிட்ட மொழி நம்முடையது; அந்த வரிசையில் நெடுங்கால் குட்டி இயல்பாக உட்காரும். பேச்சுவழக்குக்கு நெட்டைக்கால். ஆனால் புள்ளியை விட்டுவிடாதீர்கள். நெடுங்கால் நண்பர் என்றால் கால் நீண்டவர். நெடுங்கால நண்பர் என்றால் பல வருடப் பழக்கம். பெயரடை ஆக்குகிறேன் என்று அகரம் சேர்த்தால் கால் காலமாகிவிடும்.

அப்புறம் செடிகள். தோட்டக்காரர்கள் நாற்றை லெக்கி என்றால் அது பாராட்டு இல்லை, குறை. வெளிச்சம் போதாதபோது தண்டு அதைத் தேடி மெலிந்து நீளும். கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், இலை வெளிறும், கடைசியில் சாயும். இங்கே நெடுங்கால் பொருந்தாது, ஏனென்றால் தமிழில் செடிக்குக் கால் இல்லை, தண்டுதான். நெடுநெடுவென்று மெலிந்து வளர்ந்த நாற்று என்று விரித்தே எழுதலாம். அப்படி வளர்ந்துவிட்டால் வெளிச்சம் கூடுதலாகப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். கிளைக்கும் வகைச் செடியானால் நுனியையும் கிள்ளிவிடலாம்.