மீன் தலைக் கறிக்கு எந்த ஒயின்?

சிங்கப்பூரில் ஒரு ஓட்டல் உணவகத்தில் ஒயின் தேர்ந்து பரிமாறுவது என் வேலை. பதினாலு வருஷம் ஆகிறது. வெள்ளை ஒயின் கேட்பவர்களில் பாதிப்பேர் பட்டியலைத் திறப்பதே இல்லை. பழகிப்போன வெள்ளைத் திராட்சை ரகத்தின் பெயரில் "ஷார்டொனே ஒன்று" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். தப்பில்லை. ஆனால் அந்த மேசைக்கே மீன் தலைக் கறி கொதிக்கக் கொதிக்க வந்து இறங்கும்போது எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

நம் ஊரில் அதிகம் கேட்கப்படும் ஷார்டொனேக்களில் பல, ஓக் மரப் பீப்பாயில் கிடந்து வந்தவை. திராட்சையின் கூர்மையான மாலிக் அமிலத்தை பாக்டீரியாவை விட்டு மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றியும் இருப்பார்கள். அப்போது உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருள்தான் அவற்றின் வெண்ணெய் வாசனைக்குக் காரணம். சுட்ட கோழிக்கு அருமை. புளி கரைத்த கறிக்கு முன்னால் அதே ஒயின் சப்பென்று ஆகிவிடும். உணவில் புளிப்பு ஏற ஏற, ஒயினின் புளிப்பு நாக்குக்கு எட்டாது. காரமும் சேர்ந்துவிட்டால் 14 சதவீத ஆல்கஹால் தொண்டையில் எரியும்.

வாராவாரம் வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "தம்பி, வழக்கமானதே கொண்டு வாப்பா" என்பதைத் தவிர வேறு சொல்லமாட்டார். ஒருநாள், "ஐயா, இதை ஒரு வாய் பாருங்க, பிடிக்கலைன்னா எடுத்துடறேன்" என்று கொஞ்சம் அசிர்டிகோ ஊற்றினேன். குடித்தார். கறியில் ஒரு வாய். மறுபடி குடித்தார். "எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி இருக்கே!" பொரித்த மீனுக்கு எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையை இங்கே ஒயின் செய்கிறது.

அசிர்டிகோ கிரீஸ் நாட்டு சாண்டோரினித் தீவின் திராட்சை. எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த மண். மழை அபூர்வம், காற்றோ ஓயாது. அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றுவதில்லை. குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போதே கொடியைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, தரையோடு தரையாக ஒரு கூடை செய்துவிடுகிறார்கள். குலைகள் கூடைக்குள் தொங்கும். வெயிலும் பறக்கும் மணலும் அவற்றை அண்டாது. கடலிலிருந்து வரும் பனிமூட்டத்தின் ஈரம்தான் பெரும்பாலும் தண்ணீர். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சியால் இந்த மண்ணில் பிழைக்க முடியவில்லை. அதனால் அங்கே கொடிகள் இன்றும் ஒட்டுப் போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. அவ்வளவு வெயிலிலும் புளிப்பை விடாத பழம் அது. குடித்தபின் உதட்டில் லேசாக உப்புக் கரிக்கும். விலைதான் இடிக்கிறது. விளைச்சல் குறைவு, நிலத்துக்கோ சுற்றுலா விடுதிகளோடு போட்டி.

அதைவிட மலிவாக வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லினர். பெயரைப் பார்த்துப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். மூக்கருகே கொண்டுபோனால் வெள்ளை மிளகு மணக்கும். மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் இந்தத் திராட்சையிலும் உண்டு. 2002-இல் லண்டனில் பெயரை மறைத்து நடந்த ஒரு சுவைப் போட்டியில், பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துப் பேர்பெற்ற ஷார்டொனேக்களை இது முந்தியது. மிளகு ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமில்லை என்பது என் கட்சி.

ஸ்பெயினின் கலிசியாவில் விளையும் அல்பரின்யோவும் கடல் உணவுக்குச் சொன்னது. அது மழை ஊர் என்பதால் கருங்கல் தூண் நட்டுப் பந்தல் போட்டு, காற்றோட்டமாக வளர்க்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: ஆஸ்திரேலியாவில் பல வருஷம் அல்பரின்யோ என்று நட்டு விற்றது அல்பரின்யோவே இல்லை, சாவன்யான் என்ற வேறு ரகம் என்று 2009-இல் மரபணுச் சோதனையில் தெரிந்தது. குடித்தவர்கள் யாரும் குறை சொல்லியிருக்கவில்லை!

காரம் தூக்கலான சாப்பாடு என்றால் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினில் லேசான இனிப்புள்ளதைக் கேளுங்கள். இங்கே நானே ஒருமுறை வழுக்கினேன். இனிப்பு கேட்டவருக்கு ஜெர்மன் ரீஸ்லிங்தானே என்று எடுத்துக் கொடுத்த பாட்டிலில் 'ட்ராக்கன்' என்று போட்டிருந்தது. இனிப்பில்லாதது என்று அர்த்தம். அவர் முகம் சுளித்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் முதலில் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்க்கப் பழகிவிட்டேன். ஜெர்மன் ரீஸ்லிங்கில் 8 அல்லது 9 சதவீதம்தான் என்றால், ஆல்கஹாலாக மாறாத சர்க்கரை உள்ளே மிச்சமிருக்கிறது.

பரிமாறுபவரிடம் ரகத்தின் பெயர் சொல்லத் தேவையில்லை. "புளிப்பா இருக்கணும், மரவாசனை வேண்டாம், சாப்பிடப்போறது மீன்" என்றால் போதும், மீதி எங்கள் பாடு. பாட்டிலைச் சாப்பாடு முடியும்வரை ஐஸில் மூழ்கவைக்காதீர்கள். 8 முதல் 10 டிகிரிக்குக் கீழே போனால் வாசனை அடங்கிவிடும். நூறு டாலர் ஒயினும் குளிர்ந்த தண்ணீர்தான்.

குடிக்காதவரை இழுப்பதற்கு இதை எழுதவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. எப்படியும் ஒரு கிளாஸ் வாங்கப்போகிறவருக்குத்தான் இதெல்லாம்.

போன வாரம் அந்தப் பெரியவர் வந்தார். உட்காருமுன்பே, "தம்பி, அந்த எரிமலை ஊர்ச் சரக்கு இருக்கா?" இருந்த கடைசி பாட்டில் பத்து நிமிஷம் முன்னால்தான் பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. குரூனர் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, ரசம் வாசனை வருது?" என்றார்.