டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்

ஊக்கமருந்து வழக்கோடு வரும் வீரர்களிடம் நான் முதலில் கேட்பது, "நீங்க சாப்பிட்ட சப்ளிமென்ட் டப்பா எங்கே?" என்பதுதான். பெரும்பாலும் ஒரே பதில்: "தீர்ந்துபோச்சு சார், தூக்கிப் போட்டுட்டேன்." பாதி வழக்கு அங்கேயே கைவிட்டுப் போகிறது.

குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டியவர்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. தடை செய்யப்பட்ட பொருள் உங்கள் சிறுநீர் அல்லது ரத்த மாதிரியில் இருப்பது உறுதியானாலே விதிமீறல்தான். தெரிந்து எடுத்தீர்களா, தெரியாமல் உடம்புக்குள் போனதா என்பதெல்லாம் எத்தனை காலம் தடை என்பதைத் தீர்மானிக்கும்போதுதான் பேசப்படும், தனிநபர் போட்டி என்றால் அன்று வாங்கிய பதக்கம் எப்படியும் திரும்பப் போய்விடும். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் (WADA) 2015 விதித்தொகுப்பிலிருந்து, ஸ்டீராய்டு போன்ற பொருள் கிடைத்தால் தொடக்கமே 4 ஆண்டு. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு வீரரின் தலையில்.

2021 திருத்தத்தில் சில கதவுகள் திறந்தன, அதை மறுக்க மாட்டேன். கொக்கைன் போன்றவற்றைப் போட்டிக்கு வெளியே, ஆட்டத்திறனுக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்ததாகக் காட்டினால் 3 மாதம்தான் தடை, சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அதுவும் 1 மாதமாகலாம். ஆனால் கவனியுங்கள், இங்கேயும் காட்ட வேண்டியவர் வீரர்தான்.

போலந்து டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியாங்டெக் விஷயத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 2024இல் அவர் மாதிரியில் ட்ரைமெட்டாஸிடின் என்ற தடை செய்யப்பட்ட இதய மருந்து இருந்தது. தூக்கத்துக்காக அவர் எடுத்த மெலடோனின் மாத்திரையில் அது கலந்திருந்ததைப் பரிசோதனைக் கூடம் மூலம் காட்ட முடிந்ததால் தடை 1 மாதத்தோடு நின்றது. பணக்கார வீராங்கனை தப்பித்துவிட்டார் என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு வந்த கோபம் வேறு: அந்தப் பரிசோதனைக்குப் பணம் புரட்ட முடியாத வீரரும் இதே விதியின் கீழ்தானே நிற்கிறார்? இதை விதி எழுதுபவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஒருமுறை ஒரு பளுதூக்கும் பெண் தன் பயிற்சிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து என் மேசையில் கொட்டினார். பட்டை, துண்டு, சுண்ணாம்புத் தூள், நடுவில் 4 மாத்திரை மிச்சமிருந்த ஒரு அட்டை. எனக்கு உயிர் வந்தது. எடுத்துப் பார்த்தால், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் எண் அச்சிட்டிருந்த ஓரம் மட்டும் கிழிந்து போயிருந்தது. அதே பேட்ச்சில் திறக்காத அட்டை ஒன்றைத் தேடி வாங்கிச் சோதிக்க வழியில்லை. எங்கள் மாத்திரையில் கலப்படம் இருந்தாலும், அது பிறகு கலந்ததில்லை என்று எப்படிச் சொல்வது? அவர் அழாமல் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் புது டப்பா பிரிக்கும்போதே பேட்ச் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள், பில்லையும் சேர்த்து. நாலைந்து மாத்திரையை அதே டப்பாவில் விட்டு மூடி வையுங்கள். அப்புறம், மாதிரி கொடுக்கும்போது கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் படிவத்தில் கேட்பார்கள், அவசரத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு வந்தவர்களை விசாரணையில் காப்பாற்றுவது மிகக் கஷ்டம். குற்றச்சாட்டு நோட்டீஸ் வந்தால் அன்றே வழக்கறிஞரிடம் பேசுங்கள். 4 ஆண்டோ அதற்கு மேலோ தடை கேட்கும் வழக்கில், ஒப்புக்கொண்டு 1 ஆண்டு குறைத்துக்கொள்ள அந்த நோட்டீஸிலிருந்து 20 நாள்தான் இருக்கிறது.